செக் எஞ்சின் லைட், பி0171: ஒக்சிஜன் சென்சர் மாற்றியும் மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது

தலவாக்கலைப் பயணி
ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கார். 2007 ஆக்ஸியோ, 1500 சிசி, 1என்இசட் எஞ்சின். தினமும் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஸ்லோ ரன்னிங் (மிதிக்காமல் நின்றபடி எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. ஹட்டன் டவுனில் நெரிசலில் நின்றால் ஸ்டியரிங் வரை நடுங்குகிறது. ஓட ஆரம்பித்தால் பெரிதாகத் தெரிவதில்லை, டெவோன் பக்கத்து ஏற்றத்தில் கூட இழுவை பரவாயில்லை. போன மாதம் செக் எஞ்சின் லைட் எரிந்தது. ஒரு கராஜில் ஸ்கேன் பண்ணினார்கள். பி0171 என்று ஒரு பிழைக் கோட் வந்தது. ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது என்றார்கள். சென்சருக்கும் கூலிக்கும் சேர்த்து 41,000 ரூபா. அந்தக் கோடை அழித்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அதே லைட், அதே கோட்.

இனி யாரையும் நம்பிக் காசு கொடுக்க வழியில்லை. போனோடு ப்ளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கிவிட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசி சொக்கெட்டில் குத்தினேன், ஆப் கனெக்ட் ஆகிறது. ஆனால் திரையில் வரும் இலக்கங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று புரியவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


மோட்டர் டீச்சர்
ஞாயிறு, இரவு 9.25

தம்பி, முதல் வேலை: கோடை அழிக்காதீர்கள். ஆப்பில் "அழி" பொத்தான் பெரிதாகத்தான் இருக்கும். கை வைக்க வேண்டாம்.

கோட் விழுந்த அந்தக் கணத்தில் எஞ்சின் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, ஒரு படம் பிடித்த மாதிரி எழுதி வைக்கிறது. அதற்குப் பெயர் ஃபிரீஸ் ஃபிரேம். எத்தனை ஆர்பிஎம், வாகனம் ஓடியதா நின்றதா, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, பெற்றோல் எவ்வளவு கூட்டிக் கொடுத்தது, எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். உங்கள் கராஜில் முதல் தடவை அழித்ததோடு பாதிச் சாட்சி போய்விட்டது. நல்லவேளை, கோட் திரும்பி வந்ததால் புதிய படம் ஒன்று விழுந்திருக்கும். அதைத் திறந்து போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து இங்கே போடுங்கள்.

இன்னொன்று. பி0171 என்பது ஒரு பார்ட்ஸின் பெயர் இல்லை. பி என்றால் எஞ்சின், கியர் பக்கம். அடுத்த 0 எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட் என்பதற்கு. அதற்கடுத்த 1 காற்று, எரிபொருள் அளவு சம்பந்தப்பட்டது என்பதற்கு. முழுக் கோடும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "காற்று அதிகம், பெற்றோல் குறைவு, நான் கூட்டிக் கொடுத்தும் போதவில்லை." அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஒக்சிஜன் சென்சர்தான். வீட்டில் புகை வாசம் வருகிறது என்று சொன்ன ஆளை வெளியே அனுப்பிவிட்டு அடுப்பை அப்படியே விட்ட கதை இது.


ஹட்டன் பழைய பாஸ்
ஞாயிறு, இரவு 10.10

எனக்கு கராஜ் வேலை 35 வருஷம். ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை, என்னிடமும் இருக்கிறது. ஆனால் இந்த ஸ்கேனர் வந்த பிறகு பொடியன்கள் பொனட்டைத் திறந்து பார்ப்பதே குறைந்துவிட்டது. கோடைப் பார்க்கிறான், போனில் தேடுகிறான், முதலில் வரும் பார்ட்ஸை மாற்றுகிறான். காசு கொடுப்பது யார்? கடன் வாங்கி வண்டி ஓடும் மனுஷன்.

போன வருஷம் ஒரு வண்டி வந்தது. பி0335. கிராங்க் சென்சர். ஏற்கெனவே இரண்டு இடத்தில் இரண்டு சென்சர் மாற்றியாயிற்று, இரண்டும் புதுசு. சூடானதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது. நான் ஸ்கேனரை ஒரு பக்கம் வைத்துவிட்டு டோர்ச் லைட்டைப் பிடித்து வயரைப் பின்னாலிருந்து தடவிக்கொண்டே வந்தேன். சென்சரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எலி கடித்திருக்கிறது. உள்ளே செம்பில் இரண்டு இழைதான் மிச்சம், பச்சை பிடித்துப்போய். நம் பக்கம் வாகனம் நிறுத்துவது தகரக் கொட்டகையில், பக்கத்தில் தேயிலைப் பற்றை. குளிருக்கு எலி சூடான எஞ்சினைத் தேடித்தான் வரும். வயரைச் சேர்த்து, ஸ்லீவ் போட்டுக் கொடுத்தேன். அதோடு சரி.

தம்பி, டீச்சர் சொல்வதைச் செய்யுங்கள். கூடவே எயார் கிளீனரிலிருந்து மனிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து விடும் குழாய்) வரை ஒவ்வொரு ஹோஸையும் கையால் தொட்டு, வளைத்துப் பாருங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் ஹோஸ் வளைத்தால்தான் வாயைத் திறக்கும்.


தலவாக்கலைப் பயணி
திங்கள், காலை 6.50

நன்றி அக்கா, நன்றி ஐயா. வேலைக்குப் போகும் முன் பார்த்துவிட்டேன். ஃபிரீஸ் ஃபிரேமில் இருந்தது:

ஆர்பிஎம் 710. வேகம் 0. தண்ணீர்ச் சூடு 83. ஷோர்ட் டெர்ம் ட்ரிம் +12.5. லோங் டெர்ம் ட்ரிம் +21.9.

பிறகு எஞ்சின் சூடானதும் லைவ் டேட்டாவில் அதே இரண்டையும் பார்த்தேன். ஸ்லோவில் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் ஷோர்ட் +2.3, லோங் +5.5 என்று இறங்கிவிடுகிறது. விட்டால் மறுபடி ஏறுகிறது. இது எதைக் காட்டுகிறது?


மோட்டர் டீச்சர்
திங்கள், பகல் 12.35

இவ்வளவு தெளிவாக எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதத்திலேயே.

உங்கள் எஞ்சினில் எயார் கிளீனரைத் தாண்டியதும் மாஸ் எயார் ஃப்ளோ சென்சர் இருக்கிறது. உள்ளே போகும் காற்றை நிறுக்கும் தராசு அது. மடுவத்தில் கொழுந்து நிறுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதும் நிறையை வைத்துத்தான் பெக்டரியில் மற்றதெல்லாம் ஏற்பாடாகும். யாரோ மடுவத்துக்கு வராமல் குறுக்குப் பாதையால் ஒரு கூடைக் கொழுந்தை நேரே பெக்டரிக்குக் கொண்டுபோய்க் கொட்டினால்? புத்தகத்தில் ஒரு கணக்கு, தொட்டியில் வேறு கணக்கு. ஹோஸ் வெடிப்பால் நுழையும் காற்று அந்தக் கூடை. நிறுக்கப்படாத காற்று. ஈசியூ புத்தகத்தைப் பார்த்துப் பெற்றோல் ஊற்றும், அது போதாது. ஒக்சிஜன் சென்சர் "குறைகிறது" என்று சொல்லும், ஈசியூ கூட்டும். அந்தக் கூட்டல்தான் ட்ரிம். ஷோர்ட் என்பது இந்த நிமிஷத்துக் கூட்டல் கழித்தல். லோங் என்பது நாள்பட்ட பழக்கம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 34 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக ஊற்றுகிறது. சாதாரணமாக இரண்டும் சேர்ந்து பத்துக்குள் நிற்க வேண்டும்.

சரி, ஏன் 2500இல் இறங்குகிறது? வெடிப்பின் அளவு மாறுவதில்லை. ஸ்லோவில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், மனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம், அதனால் அந்த வெடிப்பு பெரிய பங்கு எடுக்கிறது. ரேஸ் கொடுத்தால் தராசு வழியாகவே காற்று நிறைய வருகிறது, வெடிப்பின் பங்கு சிறுத்துவிடுகிறது. ஸ்லோவில் மோசம், ரேஸில் நல்லது என்றால் காற்றுக் கசிவு. அதையே தலைகீழாகப் பார்த்திருந்தால், அதாவது ஸ்லோவில் நல்லது, ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறுகிறது என்றால், நான் பெற்றோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போயிருப்பேன், அல்லது அந்தத் தராசின் கம்பியில் அழுக்கு என்று சந்தேகப்பட்டிருப்பேன். கோட் ஒன்றுதான். திசை இரண்டு. அந்தத் திசையை ஃபிரீஸ் ஃபிரேம் ஒரே வரியில் சொல்லிவிட்டது: வேகம் 0, ஆர்பிஎம் 710.

இனி கசிவைத் தேடும் முறை. கார்ப் கிளீனரை ஹோஸ்கள் மேல் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸ்ஹோஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், நான் பிள்ளைகளை விடுவதில்லை. உங்களிடம் ஸ்கேனர் இருக்கிறதே, அதை வைத்தே தேடலாம். எஞ்சினை ஸ்லோவில் விட்டு, ஷோர்ட் ட்ரிம்மைத் திரையில் வைத்துக்கொண்டு, வாக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மனிஃபோல்ட் பக்கம் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெருக்குங்கள். பழைய ரப்பர், பலமாக நெருக்கினால் கிழிந்துவிடும். ஒன்று இரண்டு புள்ளி ஆடுவது சாதாரணம். எதை நெருக்கும்போது ட்ரிம் சரிந்து விழுகிறதோ, அதுதான் ஆள். ஃபேன் பெல்ட் பக்கம் கையும் சட்டைக்கையும் கவனம்.


நுவரெலியா ஆல்டோ
திங்கள், மாலை 5.15

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கும் காற்றுச் சம்பந்தமான சந்தேகம்தான். என் ஆல்டோவில் இருப்பது மேப் சென்சர், மனிஃபோல்டில் காற்றழுத்தம் பார்ப்பது. சாவி போட்டு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாமல் பார்த்தால் 101 காட்ட வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கு 81 காட்டுகிறது. வண்டியும் இழுவை குறைவு, கொழும்பில் ஓட்டும்போது இருந்த பலம் இங்கே இல்லை. கோட் எதுவும் இல்லை. சென்சர் மாற்றட்டுமா?


மோட்டர் டீச்சர்
திங்கள், மாலை 6.40

மாற்றவே வேண்டாம். உங்கள் சென்சர் சரியாகத்தான் சொல்கிறது!

எஞ்சின் ஓடாதபோது மேப் சென்சர் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். 101 கிலோ பஸ்கல் என்பது கடல் மட்டத்துக் கணக்கு, கொழும்புக்குப் பொருந்தும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே 81 பக்கம்தான் இருக்கும். நான் பண்டாரவளையில் பார்த்தால் 87, 88. கண்டியில் 95 அளவில் காட்ட வேண்டும். நம் மலைகளில் ஏறக்குறைய ஒவ்வொரு 90 மீட்டருக்கும் ஒரு புள்ளி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை கண்டிக்கு இறங்கும்போது அங்கே சாவி போட்டுப் பாருங்கள், 95 பக்கம் வந்தால் சென்சர் உயிரோடு இருக்கிறது. நுவரெலியாவில் 101 காட்டினால்தான் நான் பயப்படுவேன்.

இழுவைக்கும் அதுவே காரணம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், டேர்போ இல்லாத எஞ்சினில் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும். நானுஓயா தாண்டி ஏறும் ஒவ்வொரு சின்னக் காருக்கும் இதுதான் கதி. கோட் இல்லை, ட்ரிம் சரி, ப்ளக் சரி என்றால் கியரை ஒன்று இறக்கி ஓட்டுங்கள். செலவு பண்ண வேண்டாம்.

மேப் சென்சர் மட்டும் உள்ள வாகனத்தில் தராசு மடுவத்தில் இல்லை, பெக்டரி வாசலில் இருக்கிறது. குறுக்குப் பாதையால் வந்த கூடையும் வாசலில் நிறுக்கப்பட்டுவிடும். அதனால் ஹோஸ் கசிந்தால் உங்களுக்கு ட்ரிம் பெரிதாக ஏறாது, ஸ்லோ ரன்னிங் உயர்ந்து நிற்கும். ஆக்ஸியோவுக்குச் சொன்னதை ஆல்டோவில் அப்படியே பார்த்துவிட்டுக் கசிவு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.


பதுளை 121
திங்கள், இரவு 8.05

என் டொயோட்டா கொரோலா 121இல் ஸ்கேனர் கனெக்ட் ஆகவே இல்லை. லைட் மட்டும் எரிகிறது. பக்கத்து வீட்டுக் காரில் அதே ஸ்கேனர் வேலை செய்கிறது. அப்படியே த்ரீவீலுக்கும் இது சரிவருமா என்று தம்பி கேட்கிறான்.


ஹட்டன் பழைய பாஸ்
திங்கள், இரவு 8.50

லைட் எரிகிறது என்றால் சொக்கெட்டுக்கு கரண்ட் வருகிறது, ஃபியூஸ் நல்லது. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த பழைய வண்டிகள் சிலது ஸ்கேனரோடு பேசும் விதம் வேறு. அமெரிக்காவில் 1996லிருந்து எல்லாக் காருக்கும் ஒரே முறை என்று சட்டம் வந்தது, ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001. ஜப்பான் உள்ளூர் வண்டிக்கு அந்தச் சட்டம் இல்லை. சொக்கெட் ஒரே மாதிரி இருக்கும், பாஷை வேறு. சில ஆப்களில் வாகன விவரம் போடும் இடத்தில் ஜப்பான் டொயோட்டாவுக்கு என்று தொடக்கக் கட்டளை கொடுக்க வழி இருக்கிறது, அதைப் பாருங்கள். மலிவு ஸ்கேனர்களில் உள்ளே இருக்கும் சிப்பின் பதிப்பு 1.5 என்று ஒட்டியிருக்கும். அந்தச் சிப்பை முதலில் செய்த கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை, எல்லாம் நகல். சில நகல் எல்லாப் பாஷையும் பேசாது.

கார்ப்ரேட்டர் த்ரீவீலுக்கு ஈசியூ கிடையாது, ஸ்கேனருக்கு அங்கே வேலை இல்லை.


கேடிஎச் ஹயர்
திங்கள், இரவு 9.30

பாஸ், டீச்சர், இருவருக்கும் வணக்கம். புசல்லாவையில் இருக்கிறேன். டொயோட்டா கேடிஎச் வேன், 2கேடி டீசல் எஞ்சின். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஆட்களை ஏற்றிப்போவதுதான் பிழைப்பு. ஒரு மாதமாக றம்பொடை ஏற்றத்தில் ஆள் நிறைந்து போனால் நடுவழியில் பலம் செத்துவிடுகிறது. லைட் எரியும், 40க்கு மேல் போகாது. ஓரம் கட்டி ஓஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச தூரம் நல்லாகப் போகும். கம்பளையில் தட்டையான ரோட்டில் ஒன்றுமே இல்லை. இன்ஜெக்டர் நாலையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு இரண்டு நாள் தூக்கம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பது குழந்தைகளும் வயசானவர்களும், அந்த வளைவுகளில் பலம் போனால் என் நெஞ்சு நின்றுவிடுகிறது.


ஹட்டன் பழைய பாஸ்
திங்கள், இரவு 10.20

தம்பி, இன்ஜெக்டரைத் தொடும் முன் ஒரு காரியம். வண்டி ஏற்றத்தில்தான் சாகிறது என்றால் ஏற்றத்தில்தான் பார்க்க வேண்டும். கராஜில் நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பாரம் இல்லை.

உங்களுடையது காமன் ரெயில் எஞ்சின், எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை ஒரே குழாயில் அழுத்தி வைப்பது; அந்தக் குழாய்தான் ரெயில். அதில் ஈசியூ "இவ்வளவு பிரஷர் வேண்டும்" என்று கேட்கும். ரெயிலில் உள்ள சென்சர் "இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லும். டொயோட்டாவுக்கான மென்பொருள் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். சின்ன ஆப்பில் இருப்பது மட்டும் தெரியும், அதுவும் உதவும். ஸ்லோவில் 30 மெகா பஸ்கல் சொச்சம் நிற்கும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்கும்போது கேட்பது மேலே போக, இருப்பது பின்தங்கி இறங்கினால், டீசல் வந்து சேரவில்லை. அப்போது முதலில் ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் லைன், பிறகு பம்பில் உள்ள சக்ஷன் வால்வ். இன்ஜெக்டர் அதற்குப் பிறகுதான். இரண்டும் ஒட்டிக்கொண்டே ஏறுகிறது, ஆனால் டேர்போ பூஸ்ட் வரவில்லை என்றால், டேர்போ ஹோஸ் பக்கம் போக வேண்டும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று கேனிலும் பரலிலும் சேர்த்து ஊற்றிய டீசலை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அழுக்கும் தண்ணீரும் டேங்கின் அடியில் படிந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது ரெயில் லைன் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது, கையால் கசிவைத் தடவிப் பார்ப்பது, இந்த எஞ்சினில் செய்யவே கூடாது. அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலே போகும். பழைய டொல்பின் வேனில் செய்த பழக்கத்தை இதில் காட்டாதீர்கள். ஓட்டும்போது நீங்கள் போனைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பதிவு பண்ணச் சொல்லுங்கள். பயணிகள் இல்லாமல், மணல் மூட்டை ஏற்றிப் போங்கள்.


தலவாக்கலைப் பயணி
புதன், இரவு 7.55

கிடைத்துவிட்டது!

இன்று அரை நாள் லீவு போட்டேன். வெயில் இருந்தது. அப்பா போனைப் பிடித்துக்கொண்டு இலக்கத்தைச் சத்தமாக வாசிக்க, நான் பிளையரில் பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக நெருக்கினேன். பிரேக் பூஸ்டர் ஹோஸ்: +12.5, மாற்றம் இல்லை. அடுத்த சின்ன ஹோஸ்: +11.7. வால்வ் கவரிலிருந்து மனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸை நெருக்கினேன். அப்பா வாசிக்கிறார்: "எட்டு... மூன்று... பூஜ்யம்... மைனஸ் ஒன்பது... மைனஸ் பதினெட்டு." கூடவே எஞ்சின் சத்தம் மாறிவிட்டது. இரண்டு மாதமாகக் கேட்ட அந்த நடுக்கம் நின்று, காரே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. விட்டேன், மறுபடி நடுக்கம். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான்.

ஹோஸைக் கழற்றி எடுத்தேன். மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை, கறுப்பாக, முழுசாக இருந்தது. எண்ணெய் ஊறி ஒரு பக்கம் மெத்தென்று, பழைய வாழைப்பழத் தோல் மாதிரி. பாஸ் ஐயா சொன்னபடி வளைத்தேன். வால்வ் பக்கத்து வளைவின் அடியில், நகத்தின் அகலத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. விட்டால் மூடிக்கொள்கிறது. அதுவழியே விரல் நுனியில் வெளிச்சம் தெரிகிறது. பெட்டியோடு வைத்திருக்கும் பழைய ஒக்சிஜன் சென்சரையும் இந்த ஹோஸையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புது ஹோஸ் ஹட்டனில் கிடைத்தது, 950 ரூபா. கிளிப்பையும் மாற்றினேன். ஒரு கேள்வி: நெருக்கியபோது ஏன் பூஜ்யத்தில் நிற்காமல் மைனஸ் 18 வரை போனது? அதைப் பார்த்து ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன்.


மோட்டர் டீச்சர்
புதன், இரவு 8.30

வாசித்து எனக்கே கண் கலங்கிவிட்டது தம்பி. அப்பாவையும் பிடித்து நிறுத்தி வாசிக்க வைத்தீர்களே, அது மிக நல்ல முறை.

மைனஸ் ஏன் என்றால், லோங் ட்ரிம் இன்னும் பழைய பழக்கத்தில் +21.9 ஊற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு கசிவு அடைபட்டது தெரியாது. திடீரென்று பெற்றோல் அதிகமாகிவிட, ஷோர்ட் ட்ரிம் ஓடிவந்து 18 அளவு வெட்டுகிறது. இரண்டையும் கூட்டுங்கள்: கிட்டத்தட்ட நான்கு. அதாவது எஞ்சினுக்கு உண்மையில் தேவைப்பட்ட திருத்தம் அவ்வளவுதான். கசிவு அந்த ஹோஸில் மட்டும்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இப்போது கோடை அழிக்கலாம், ஸ்கிரீன்ஷொட் உங்களிடம் இருக்கிறது. அழிக்காவிட்டாலும் தொடர்ந்து மூன்று ஓட்டம் பிழையில்லாமல் போனால் லைட் தானாக அணையும். இரண்டு மூன்று நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, சூடான எஞ்சினில் ஸ்லோவிலும் 2500இலும் ட்ரிம்மைப் பார்த்து எழுதுங்கள்.

ஸ்கேனர் கையில் இருப்பதால் இன்னொன்றும் செய்து வையுங்கள். நாளை விடியற்காலை, இரவு முழுக்க நின்ற எஞ்சினில், ஸ்டார்ட் பண்ணும் முன் சாவி மட்டும் போட்டுத் தண்ணீர்ச் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாமே இரவின் குளிரில் ஆறிவிட்டது. ஒன்று 12, மற்றது 35 என்றால் ஏதோ ஒரு சென்சர் பொய் சொல்கிறது. மைனஸ் 40 காட்டினால் அந்த வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நம் மலைக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும் வண்டிகளுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு நிமிஷ வேலை.

இரவில் ஸ்கேனரைச் சொக்கெட்டிலேயே விடாதீர்கள், சாவி எடுத்த பிறகும் அது பெட்டரியில் இழுத்துக்கொண்டிருக்கும்.


கேடிஎச் ஹயர்
சனி, மாலை 6.10

பாஸ், சொன்னபடியே செய்தேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார், பின்னால் எட்டு மூட்டை மணல். தெரிந்த ஒருவரிடம் டொயோட்டா மென்பொருள் உள்ள லெப்டொப் இரவல் வாங்கினோம். றம்பொடை அருவி தாண்டிய முதல் பெரிய வளைவில் கேட்டது 110, இருந்தது 104. அடுத்த ஏற்றத்தில் கேட்டது 112, இருந்தது 91. அதற்குப் பிறகு 78, அதோடு லைட் எரிந்தது, பலம் போனது. தட்டையில் இரண்டும் ஒட்டியே போகிறது.

ஃபில்டர் மாற்றியது ஞாபகமே இல்லை. கழற்றிச் சின்ன வாளியில் கவிழ்த்தேன். முதலில் அரைக் கோப்பை தண்ணீர், பிறகு தேத்தண்ணி மண்டி மாதிரி கறுப்புச் சேறு. புது ஃபில்டர் போட்டாயிற்று. நாளை விடியவே அதே மூட்டையோடு அதே ஏற்றம். டேங்க்கையும் இறக்கிக் கழுவ வேண்டுமா?


ஹட்டன் பழைய பாஸ்
சனி, இரவு 7.00

அவ்வளவு சேறு வந்திருந்தால் டேங்கை இறக்கிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் ஒரு மாதத்தில் அதே நிலை. நாளை ஓடிப் பார்க்கும்போதும் பதிவு எடுங்கள். கேட்டதும் இருப்பதும் ஒட்டியே மேலே வரை போனால் இன்ஜெக்டர் பேச்சை விட்டுவிடலாம். இன்னும் பின்தங்கினால் வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள், சக்ஷன் வால்வைப் பார்ப்போம். அதுவரை ஆள் ஏற்ற வேண்டாம்.


தலவாக்கலைப் பயணி
ஞாயிறு, காலை 9.20

நாலு நாள் ஓடிய பிறகு: ஸ்லோவில் ஷோர்ட் -0.8, லோங் +3.1. 2500இல் ஷோர்ட் +0.8, லோங் +2.3. லைட் இல்லை. இன்று காலை 6 மணிக்குச் சாவி போட்டுப் பார்த்தேன் அக்கா, தண்ணீர் 13, காற்று 13.


கேடிஎச் ஹயர்
ஞாயிறு, காலை 10.45

மேலே வந்துவிட்டேன், நுவரெலியா ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் நிறுத்திவிட்டு எழுதுகிறேன். கடைசி ஏற்றத்தில் கேட்டது 114, இருந்தது 113. லைட் எரியவில்லை. டேங்க் கழுவ செவ்வாய்க்கிழமை நாள் சொல்லியிருக்கிறேன்.